மேசைமேல் ஏறும் மலைக் கோச்சி

பண்டாரவளைக்கு 1894-ஆம் ஆண்டே ரயில் வந்துவிட்டது. பதுளைக்கு வந்து சேர்ந்ததோ 1924-இல். இடையே 30 வருடங்கள். இந்தத் தாமதத்துக்குப் பணம், யுத்தம் என்று பல காரணங்கள் சொல்லலாம். ஆனால் மலை விதித்த ஒரு கணக்கும் அதில் இருந்தது. அதை இன்றைக்கும் ஒரு பாடசாலைப் பிள்ளை தாளில் போட்டுப் பார்க்கலாம்.

எல்ல ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதுளை ஸ்டேஷன் ஏறத்தாழ 650 மீட்டர். ஆகவே கோச்சி 390 மீட்டர் இறங்க வேண்டும். மலைநாட்டுப் பாதையில் அனுமதித்த உச்சச் சரிவு 44-க்கு 1. அதாவது 44 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. 390-ஐ 44-ஆல் பெருக்கினால் 17 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். எல்லவுக்கும் பதுளைக்கும் நேர்கோட்டில் தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான். இல்லாத தூரத்தை எங்கிருந்தாவது உண்டாக்கியாக வேண்டும். ஸ்டேஷனுக்குச் சமதளம் வேண்டும், வளைவில் சரிவைக் குறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் தேவை இன்னும் கூடும். கடைசியில் போட்ட பாதை சுமார் 21 கிலோமீட்டர்.

அப்படி உண்டாக்கிய தூரத்தின் மிக அழகான துண்டு தெமோதரையில் கிடக்கிறது. பதுளைக்குப் போகும் கோச்சி தெமோதரை ஸ்டேஷனில் நின்று புறப்பட்டு, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் சற்றுமுன் நின்ற அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. வளையத்தின் நீளம் சுமார் 900 மீட்டர். 44-க்கு 1 என்ற சரிவில் அதற்குள் மிஞ்சிப்போனால் 20 மீட்டர் இறங்கலாம். ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துப் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று ஊவாவில் ஒரு கதை உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, எனக்கு அது பிடிக்கும். ஆயிரக்கணக்கான தோட்டத்துத் தமிழர்கள் ஏறி இறங்கிய இந்தப் பாதையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் தோட்டத்து ஆள் ஒருவர் தலைகாட்டுவது அபூர்வம்.

இந்தச் சுருள் யோசனையை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் வீட்டு அறைகளில் கட்டி வைத்திருக்கிறார்கள். மாடல் ரயில் கட்டும் பொழுதுபோக்குக்காரர்கள் அவர்கள். ஒரு மேசைத் தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ரயிலை ஏற்ற வேண்டுமென்றால் நேரான ஏற்றத்துக்கு அறையில் இடம் போதாது. ஆகவே பாதையைச் சுருளாக்கி, தன் மேலேயே ஏறவிடுகிறார்கள். ஹீலிக்ஸ் என்பது அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். தெமோதரையில் மலை கொடுத்த நெருக்கடியை அவர்களுக்கு நான்கு சுவர்கள் கொடுக்கின்றன.

லண்டனில் 1910-இல் தொடங்கிய மாடல் ரயில்வே கிளப் இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்பாதைச் சங்கம் 1935-இல் பிறந்தது. ஒருவர் கட்டிய எஞ்சின் இன்னொருவர் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தின் விளிம்பு முதல் தண்டவாள இடைவெளி வரை தரநிலை வகுத்த சங்கம் அது. புனேயில் ஜோஷி குடும்பத்தின் சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் 1998-இல் திறந்தது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்டில் மலைகளும் துறைமுகமும் விமான நிலையமும் கூட 87-க்கு 1 என்ற அளவில் நிற்கின்றன. கிளப்காரர்கள் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் லேஅவுட் பெரும்பாலும் 4 அடிக்கு 2 அடி போன்ற பலகைகளாகப் பிரியும். வேனில் ஏற்றிப்போய் மண்டபத்தில் முளை பொருத்தி, போல்ட் முறுக்கி, கம்பிகளை இணைத்தால் ஒரு முழு ஊர் எழுந்துவிடும். பார்வையாளர் கண்ணில் படாத பின்பக்கத்தில் ஒரு ஒளிவு யார்டு இருக்கும். ரயில்கள் அங்கே காத்திருந்து முறைப்படி மேடைக்கு வரும்.

எங்கள் பதுளைப் பாதையை இப்படி ஒரு மேசைமேல் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப்போட்டுப் பார்க்க வேண்டும். அதில் உள்ள பௌதிகம் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடச் சுவையானது. எல்லாவற்றையும் ஒரே அளவில் சிறிதாக்கிவிடலாம் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நீளம் சம்மதிக்கும். எடையும் நேரமும் தண்ணீரும் சம்மதிக்காது.

முதலில் அளவு. பிரித்தானியக் கிளப்களிலும் அவர்கள் வழி வந்த நாடுகளிலும் அதிகம் வழங்குவது ஓஓ அளவு: உண்மையில் 1 அடி என்றால் மாடலில் 4 மில்லிமீட்டர். அதாவது 76.2-க்கு 1. அடியையும் மில்லிமீட்டரையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட விசித்திரமான ஏற்பாடு, ஆனால் வேலைக்கு மிக வசதி. பழைய ரயில் வரைபடங்கள் எல்லாம் அடிக்கணக்கில் இருப்பதால் நான்கால் பெருக்கினால் போதும். இலங்கையின் அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம். நான்கால் பெருக்கினால் சரியாக 22 மில்லிமீட்டர்.

கடையில் கிடைக்கும் ஓஓ தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர். 22-க்கும் 16.5-க்கும் இடையே உள்ள இந்தப் பள்ளம் தற்செயல் அல்ல. 16.5 என்பது எச்ஓ என்ற 87-க்கு 1 அளவுக்காக வந்த இடைவெளி. ஐரோப்பா, அமெரிக்காவின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்கு அது சரியாகப் பொருந்தும். பிரித்தானிய எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அக்கால மின்மோட்டார் அந்தச் சிறிய கூட்டுக்குள் அடங்கவில்லை. ஆகவே தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் பெரிதாக்கினார்கள். அந்தச் சமரசம் சுமார் நூறு வருடமாக நிலைத்துவிட்டது. அதே தண்டவாளத்தில் நம் மலைநாட்டு எஞ்சினை நிறுத்தினால் பாதையின் அகலம் உண்மையில் 4 அடி ஒன்றரை அங்குலத்துக்குச் சமம். அகன்ற உடம்பு ஒடுங்கிய காலில் நிற்கும். இந்திய மாடல்காரர்களுக்கும் இதே வில்லங்கம்தான், ஏனென்றால் அங்கேயும் 5 அடி 6 அங்குலம். பலர் கண்ணை மூடிக்கொண்டு 16.5-ஐ ஏற்றுக்கொள்கிறார்கள். என் கருத்தில் அது பெரிய இழப்பு. மலைநாட்டுக் கோச்சியின் தோரணையே அதன் அகலத்தில் இருக்கிறது. செம்புப்பூச்சுள்ள சிலிப்பர் துண்டுகளில் தண்டவாளத்தை ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டினால் 22 மில்லிமீட்டர் பாதையைக் கையாலேயே போடலாம். ரேடியோ திருத்தும் கைகளுக்குக் கைவந்த வேலை அது.

அடுத்தது வளைவு. இந்தப் பாதையின் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 5 சங்கிலி, அதாவது 330 அடி, சுமார் 100 மீட்டர். அகலப்பாதைக்கு இது மிக இறுக்கமான வளைவு. நான்கால் பெருக்கினால் மாடலில் 1.32 மீட்டர். கடையில் பெட்டியாக விற்கும் தொடக்கநிலை ரயில் செட்டில் ஒரு வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர். அதை உண்மை அளவுக்குப் பெருக்கினால் 33 மீட்டர்தான் வரும். எந்த அகலப்பாதை எஞ்சினும் அதில் திரும்பாது. உலகின் வீட்டு மேசைகளில் ஓடும் பல ரயில்கள் இந்தப் பாதையின் மிகக் கூர்மையான வளைவைவிட மூன்று மடங்கு இறுக்கமான வளைவில் ஓடுகின்றன என்று தெரியும்போது, எங்கள் பாதை சட்டென்று தாராளமாகத் தோன்றும்.

மாடல் எஞ்சினால் அப்படித் திரும்ப முடிவது எப்படி? அதன் அச்சுகளுக்குப் பக்கவாட்டில் நிறைய ஆட்டம் விட்டிருப்பார்கள், சக்கர விளிம்பையும் அளவுக்கு மீறித் தடிப்பாக வைத்திருப்பார்கள். உண்மையான பாதையில் அந்த ஏமாற்று செல்லாது. ஆகவே எஞ்சினையே மடிக்க வேண்டியிருந்தது. இலங்கை ரயில்வேக்கு 1927-இல் மான்செஸ்டரின் பேயர் பீகொக் தொழிற்சாலையிலிருந்து ஒரு காரட் எஞ்சின் வந்தது. நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு சக்கரத் தொகுதிகள். இரண்டு எஞ்சினின் வலிமையும் வேண்டும், வளைவில் நெளியவும் வேண்டும் என்ற தேவைக்குப் பிறந்த வடிவம் அது. சிறிய அறையில் பெரிய நீராவி எஞ்சின் ஓட்ட ஆசைப்படுகிற மாடல்காரர்களுக்கும் காரட் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு, அதே காரணத்தால்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே பயணம் செய்தவர்கள் வளைவில் சக்கரம் கீச்சிடுவதைக் கேட்டிருப்பார்கள். அதன் காரணத்தை மாடல் கட்டும்போதுதான் கைவிரலால் உணர முடியும். ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும், ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல முடியாது. ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் உள்ளே இருப்பதைவிட நீளம். ஒரு முழுச் சுற்றுக்கு வித்தியாசம் எவ்வளவு? இடைவெளியை 2 பையால் பெருக்கினால் போதும். 1.676 மீட்டருக்கு 10.5 மீட்டர். வளையம் சிறிதானாலும் பெரிதானாலும் இந்த எண் மாறாது. ஒரு முழுச் சுற்றை முடிப்பதற்குள் வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிடப் பத்தரை மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். 22 மில்லிமீட்டர் மாடலில் இதுவே 138 மில்லிமீட்டர்.

இதைச் சமாளிக்கச் சக்கரத்தின் ஓட்டப்பரப்பைச் சற்றே கூம்பாகக் கடைகிறார்கள். வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகரும். வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளும். நல்ல உபாயம்தான், ஆனால் அதற்கு எல்லை உண்டு. 100 மீட்டர் ஆரத்தில், 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரங்களுக்கு 7 முதல் 8 மில்லிமீட்டர் ஆர வித்தியாசம் தேவை. 20-க்கு 1 என்ற கூம்பில் அதைப் பெற அச்சு 75 மில்லிமீட்டர் அளவு பக்கவாட்டில் நகர வேண்டும். விளிம்பு விடுவதோ ஒரு சென்டிமீட்டர் அளவே. மிச்சத்தைச் சக்கரம் வழுக்கித்தான் தீர்க்கிறது. அந்த வழுக்கல்தான் கீச்சொலி, வளைவில் தண்டவாளம் சீக்கிரம் தேய்வதும் அதனால்தான். மாடலிலும் இதே வழுக்கல் உண்டு. நான்கு பெட்டிகளைச் சுகமாக இழுத்த எஞ்சின் ஹீலிக்ஸுக்குள் நுழைந்ததும் திணறுவதற்கு ஏற்றம் மட்டும் காரணமல்ல.

ஏற்றத்துக்கு வருவோம். சரிவு ஒரு விகிதம். விகிதத்தைச் சிறிதாக்க முடியாது. 44-க்கு 1 என்பது மலையிலும் மேசையிலும் 44-க்கு 1 தான். ஒரு மாடல் ரயில் தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து போக வேண்டுமென்றால், எஞ்சினின் உயரம், மேலே உள்ள பலகையின் தடிப்பு எல்லாம் சேர்த்து ஓஓ அளவில் சுமார் 80 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வேண்டும். 438 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று 2.75 மீட்டர். அதற்குள் 80 மில்லிமீட்டர் ஏறினால் சரிவு 34-க்கு 1 ஆகிவிடும். தெமோதரையின் 44-க்கு 1-ஐக் காப்பாற்ற வேண்டுமென்றால் சுற்று 3.52 மீட்டர் ஆக வேண்டும், ஆரம் 560 மில்லிமீட்டர். இடத்தைச் சுருக்கினால் சரிவு கூடும், சரிவைக் குறைத்தால் இடம் கேட்கும். பதுளைப் பாதைக்கு அளவெடுத்தவர்களும் இதே இரண்டு எண்களை வைத்துத்தான் மல்லுக்கட்டியிருப்பார்கள்.

தெமோதரை வளையத்தை வெட்டாமல் சுருக்காமல் அப்படியே கட்டினால்? 900 மீட்டர் மாடலில் 11.8 மீட்டர் தண்டவாளம் ஆகும். முழு வட்டமாக வைத்தால் குறுக்களவு 3.76 மீட்டர். இறக்கம் அதிகபட்சம் 27 சென்டிமீட்டர். ஒரு சாதாரண வகுப்பறைக்குள் இது அடங்கும். ஒன்பது வளைவுப் பாலம் இன்னும் சுலபம். 1921-இல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டி முடித்த அந்தப் பாலம் 300 அடி நீளம், 80 அடி உயரம். மாடலில் 1.2 மீட்டர் நீளமும் 32 சென்டிமீட்டர் உயரமும்தான். 4 அடிப் பலகை ஒன்றில் ஏறத்தாழ முழுதாக உட்கார்ந்துவிடும்.

எடை விஷயம் இப்படி ஒத்துழைக்காது. நீளம் 76 மடங்கு குறையும்போது பரப்பளவு 5,800 மடங்கு குறைகிறது. கன அளவும் அதனோடு எடையும் 4,42,000 மடங்கு குறைகின்றன. 80 டன் எடையுள்ள ஒரு டீசல் எஞ்சினை இந்தக் கணக்கில் குறைத்தால் 180 கிராம் மிஞ்சும். 35 டன் பெட்டி 80 கிராமுக்கும் கீழே போகும். அப்படியே கட்டினால் ஓடாது. அச்சாணியில் உள்ள உராய்வும், கொக்கியின் இறுக்கமும், தண்டவாள மூட்டில் உள்ள மேடுபள்ளமும் நாலரை லட்சம் மடங்கு குறைவதில்லை. மாடலில் கண்ணுக்குத் தெரியாத 0.3 மில்லிமீட்டர் மூட்டுப்படி, உண்மை அளவில் 23 மில்லிமீட்டர் படிக்கட்டு. அதனால்தான் அமெரிக்கச் சங்கம் பெட்டிக்கு வேண்டுமென்றே எடை சேர்க்கச் சொல்கிறது. எச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்ஸ், பிறகு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 10 அங்குலப் பெட்டிக்கு 6 அவுன்ஸ், அதாவது 170 கிராம். விகிதப்படி பார்த்தால் அந்தப் பெட்டி 55 கிராம்கூட இருக்கக் கூடாது.

சுருளில் எடையின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். எஞ்சின் முன்னால் இழுக்க, பின்பெட்டிகள் ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்க, நடுவில் உள்ள பெட்டிகள் வளைவின் உள்பக்கம் சாயப் பார்க்கும். வளைந்து கிடக்கும் கயிற்றின் இரு முனையையும் இழுத்தால் அது நேராகத்தானே பார்க்கும். பெட்டி இலேசாக இருந்தால் உள்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். ஆகவே கனமான பெட்டிகளை முன்னால் வைப்பார்கள். வேகத்தால் வெளிப்பக்கம் கவிழும் பயம் மாடலுக்கு இல்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர் வளைவில் திரும்பும் கோச்சியின் பயணியை வெளியே தள்ளும் விசை அவர் எடையில் 7 சதவீதம். விகிதப்படி மெதுவாக ஓடும் மாடலில் அது 76-இல் ஒரு பங்கு. வெளித் தண்டவாளத்தை உயர்த்திப்போட வேண்டிய தேவையே அங்கில்லை. ஆனாலும் நல்ல மாடல்காரர்கள் ஒரு அட்டைத் துண்டை அடியில் வைத்து உயர்த்துவார்கள். சாய்ந்து திரும்பும் ரயிலைப் பார்க்கும் கண்ணுக்காக.

நேரம்தான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. பதுளைக்கு அருகே உள்ள துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் உயரம் 64 மீட்டர். உச்சியில் விடும் கல், காற்றுத்தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 3.6 வினாடியில் கீழே விழும். மாடல் துன்ஹிந்த 84 சென்டிமீட்டர். அங்கே விழ 0.4 வினாடி. நீளம் 76 மடங்கு குறைந்தபோது விழும் நேரம் 76-இன் வர்க்கமூலமான 8.7 மடங்குதான் குறைந்திருக்கிறது. ரயிலை விகித வேகத்தில், வினாடிக்கு 11 சென்டிமீட்டராக ஓட்டினால் அது நம் கடிகாரப்படியே வளையத்தைச் சுற்றி முடிக்கும், 900 மீட்டரைக் கோச்சி 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க எடுக்கும் அதே 108 வினாடியில். ஆனால் பக்கத்திலேயே தண்ணீர் வேறொரு கடிகாரத்தில் விழும். பெட்டி குலுங்குவதும் அந்த வேறு கடிகாரத்தில்தான். சினிமாக்காரர்கள் சிற்றுருவங்களைப் படம்பிடிக்கும்போது கமராவின் வேகத்தை இந்த வர்க்கமூலக் கணக்குப்படி கூட்டிவைப்பது இதற்காகவே.

தண்ணீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. துளியின் பருமனை நிர்ணயிப்பது பரப்பு இழுவிசை. மாடல் அளவைப் பார்த்து அது தன்னைக் குறைத்துக்கொள்ளாது. 2 மில்லிமீட்டர்த் துளி மாடல் உலகத்தில் 15 சென்டிமீட்டர் உருண்டை. துன்ஹிந்தவிலிருந்து தேங்காய் தேங்காயாக விழுவதுபோல் இருக்கும். ஆகவே கண்காட்சி லேஅவுட்களில் நீங்கள் பார்க்கும் அருவி பெரும்பாலும் பிசினும் பஞ்சு இழையும்தான்.

ரயில் நிற்பதும் அப்படியே. 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் உண்மைப் பெட்டியைச் சமதளத்தில் அவிழ்த்துவிட்டால், பிரேக் போடாவிட்டால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உருண்டுபோகக்கூடும். மாடல் பெட்டி சில சென்டிமீட்டரில் நின்றுவிடும். இந்தக் குறையை இன்று மின்னணுவியல் தீர்க்கிறது. முன்பெல்லாம் தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் கொடுத்து, வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றினார்கள். 1990-களில் தரநிலையான டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்னழுத்தம் இருக்கும், அதன் திசை மட்டும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை புரளும். புரளும் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது 1, சுமார் 100 மைக்ரோவினாடி நீடித்தால் அது 0. இந்த 0, 1 வரிசையை எஞ்சினுக்குள் உள்ள சிறு சில்லு படித்து, தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். உண்மை ரயிலின் கனத்தோடு மெல்லப் புறப்படவும் மெல்ல நிற்கவும் அந்தச் சில்லுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

புதியவர்கள் பலர் இங்கே ஒன்று கேட்பார்கள்: வளையம் என்றால் ஷார்ட் ஆகாதா? கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பாதை வளைந்து திரும்பி வந்து தன்னோடு தானே சேர்ந்தால், ரயில் வந்த வழியே திரும்பிப் போகும்படி அமைந்தால், இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொடும். மின்சுற்று குறுக்கிடும். ஆனால் தெமோதரை அப்படிப்பட்ட வளையம் அல்ல. பாதை தன்னைக் கடக்கிறது, தன்னோடு சேர்வதில்லை. கொழும்பில் இடப்பக்கம் இருந்த தண்டவாளம் பதுளையிலும் இடப்பக்கமே இருக்கும். கயிற்றைப் பிடித்து இரு முனையையும் இழுத்தால் சுருள் நேராகிவிடும். தெமோதரையை மாடலாகக் கட்ட எந்தத் தனி மின்கருவியும் தேவையில்லை.

இனி மலை. ஊவாப் பாதையை மாடலாக்குவோர் எல்லோரும் முதலில் பாலத்தைத்தான் நினைப்பார்கள். எனக்குத் தேயிலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஸ்பிரிங்வெளி, தெமோதரை, ஹாலிஎல என்று நமுனுகுல மலையைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் அதுதானே. ஒரு ஹெக்டேர் நிலம் ஓஓ அளவில் 1.31 மீட்டர்ச் சதுரம், ஒரு கட்டிலைவிடச் சிறியது. விதை போடாமல் துண்டு நட்டு வளர்க்கும் வீபி தேயிலையை 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நட்டால் அந்த ஹெக்டேரில் 13,000 செடிகளுக்கு மேல் நிற்கும். மாடலில் 16 மில்லிமீட்டருக்கு 8 மில்லிமீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றும் சுமார் 12 மில்லிமீட்டர் உயரம், மேலே மட்டமாகக் கவ்வாத்துப் பண்ணிய தட்டு. 13,000 ஸ்பான்ஜ் துண்டுகளை ஒருவர் தனியாக ஒட்ட முடியாது. கிளப் என்ற ஒன்று எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. பழைய விதைத் தேயிலை மலை என்றால் வரிசை ஒழுங்கு இராது, வேலை இன்னும் நுணுக்கம். மாடல்காரர்கள் காட்டுத் தரையின் சருகுக்கும் மண்ணுக்கும், குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவுகிறார்கள். இலை இலையாக உடைந்து கிடக்கும் அந்த நிறத்துக்கு ஈடாக வேறொரு பொருள் கிடைப்பது அரிது. எங்கள் மலையில் பறித்த கொழுந்து எங்கோ ஒரு குளிர்நாட்டு லேஅவுட்டில் தரையாகக் கிடக்கவும் கூடும்.

தேயிலை இருந்தால் லயமும் இருக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா மாடலில் 40-க்கு 48 மில்லிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் அளவைவிடச் சற்றே பெரிய இடம். ஒரு குடும்பம் அதற்குள் வாழ்ந்தது, இன்றும் பல இடங்களில் வாழ்கிறது. கூரையின் அலைத்தகரத்தில் மேடுக்கும் மேடுக்கும் இடையே 3 அங்குலம் என்றால் மாடலில் 1 மில்லிமீட்டர், மெல்லிய அலுமினியத் தாளை அச்சில் அழுத்தி அதைச் செய்யலாம். பாலத்தையும் சுற்றுலாப் பயணிகளையும் நீல நிற ரயிலையும் வைத்து, லயங்களையும் பெரட்டுக்களத்தையும் கொழுந்து நிறுக்கும் இடத்தையும் விட்டுவிட்ட ஒரு லேஅவுட், எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் இந்தப் பாதையின் மாடல் ஆகாது. அளவுப்படி சரியாக ஒரு காம்பராவைக் கட்டிப் பக்கத்தில் துரை பங்களாவையும் கட்டி வைத்தால் பார்க்கிறவர் எதையும் விளக்கிக் கேட்கமாட்டார்.

மலைநாட்டுப் பாதையில் இன்னும் ஒன்று மாடலுக்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது: டேப்லட். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் ஒவ்வொரு பெட்டி வைத்து, இரண்டையும் மின்கம்பியால் இணைத்திருப்பார்கள். எதிர் ஸ்டேஷன் சம்மதம் கொடுத்தால்தான் இங்கே பெட்டியிலிருந்து ஒரு வட்டத்தகடு வெளியே வரும். அது எந்த முனையிலாவது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். தகடு கையில் இல்லாமல் டிரைவர் நகர மாட்டார். இங்கிலாந்தில் தோர்ப் என்ற இடத்தில் 1874-இல் இரண்டு ரயில்கள் நேருக்குநேர் மோதிய விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டயர் 1878-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பெரிய வளையத்தில் கோத்த டேப்லட்டை ஓடும் எஞ்சினிலிருந்து நீட்டி வாங்குவதை மலைநாட்டு ஸ்டேஷன்களில் பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

இதற்குள் இருப்பது சுத்தமான தர்க்கச் சுற்று. ரிலேக்களை வைத்து இப்படிப்பட்ட சுற்றுகளைக் கட்டிப் பழகிய இளைஞர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் 1946-இல் தொடங்கிய மாடல் ரயில் சங்கத்தில், பழைய தொலைபேசி ரிலேக்களால் லேஅவுட்டின் மின்கட்டுப்பாட்டைக் கட்டிய மாணவர்கள் 1950-களின் இறுதியில் கல்லூரிக்கு வந்த கணினிகளின் பக்கம் திரும்பினார்கள். ஹேக்கர் என்ற சொல் இன்றைய கணினிப் பொருளில் வழங்கத் தொடங்கியது அவர்கள் நடுவில்தான்.

பதுளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞானச் சங்கம் இந்த வேலையை எடுத்தால், நான் பாலத்திலிருந்து தொடங்கச் சொல்லமாட்டேன். டேப்லட் பெட்டி இரண்டையும் முதலில் செய்யட்டும். பழைய மின்கருவிகளிலிருந்து கழற்றிய ரிலே, சைக்கிள் மணி, பட்டரி, நீண்ட கம்பி போதும். ஒன்றை ஹாலிஎல என்று ஒரு வகுப்பிலும், மற்றதைத் தெமோதரை என்று அடுத்த வகுப்பிலும் வைக்கலாம். பிறகு 4 அடிப் பலகை ஒவ்வொன்றாக நடுவே வந்து சேரட்டும். மழைக்காலத்து ஈரத்தில் சாதாரணப் பலகை வளைந்து தண்டவாளத்தைத் தூக்கிவிடும், ஆகவே நல்ல பிளைவுட் வாங்கி அடிப்பக்கத்துக்கும் வர்ணம் பூச வேண்டும். தேயிலைச் செடிக்குக் கடைசி வரிசையில் உள்ள பிள்ளைகள் வரை எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆளுக்கு ஐம்பது செடி என்றால், 260 பேர் சேர்ந்து ஒரு ஹெக்டேர்.